சீட்டுக்கு அடியில் இரண்டு ரிப்போர்ட்

கேள்வி: எனக்கு 47 வயது. அப்பா சர்க்கரையால் கிட்னி கெட்டு இறந்தார். டயாலிசிஸுக்கு அம்மாதான் கூட்டிப்போவார். போன மாதம் வெறும் வயிற்றில் எனக்கு 138 வந்தது. நம்பாமல் வேறு லேபில் கொடுத்தேன், 131. பத்து நாள் சோற்றை நிறுத்தி, இரண்டு வேளையும் நடந்துவிட்டு மூன்றாவது லேபில் கொடுத்தேன், 112. அதை மனைவியிடம் காட்டினேன். மற்ற இரண்டும் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் கிடக்கின்றன. எந்த லேபை நம்புவது?
- வாசகர், மதுரை

பதில்: அந்த இரண்டையும் ஏன் சீட்டுக்கு அடியில் வைத்தீர்கள் தம்பி? தப்பான ரிப்போர்ட் என்று நிஜமாகவே நினைத்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பீர்கள், அல்லது வீட்டில் காட்டி லேப்காரரைத் திட்டியிருப்பீர்கள். ஒளித்து வைத்ததிலேயே தெரிகிறது, எதை நம்புகிறீர்கள் என்று.

முதலிலேயே 112 வந்திருந்தால் இன்னொரு லேபுக்குப் போயிருப்பீர்களா? 1992-ல் டிட்டோ, லோபஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் எச்சிலில் நனைக்கும் காகிதப்பட்டையைக் கொடுத்து, ஒரு குறைபாட்டைக் கண்டுபிடிக்கும் சோதனை என்றார்கள். உண்மையில் அது வெறும் மஞ்சள் காகிதம், நிறமே மாறாது. மாறாவிட்டால் நல்லது என்று சொல்லப்பட்டவர்கள் சட்டென்று முடித்துக்கொண்டார்கள். மாறாவிட்டால் குறைபாடு என்று சொல்லப்பட்டவர்கள்தான் காத்துக் காத்துப் பார்த்தார்கள், திரும்பவும் சோதித்தார்கள். நீங்கள் லேப் லேபாக அலைந்ததும் அதேதான்.

வெறும் வயிற்றில் 126-ம் அதற்கு மேலும் இரண்டு முறை வந்தால் சர்க்கரை நோய் என்றே டாக்டர்கள் எடுத்துக்கொள்வார்கள். பத்து நாள் பத்தியம் இருந்து வாங்கிய 112 அதை அழித்துவிடாது.

எனக்குக் கோபம் வருவது உங்கள் மனைவியை நினைத்துத்தான். உங்களுக்குச் சமைத்துப் போடுகிறவரிடம் பொய்க் கணக்கைக் காட்டியிருக்கிறீர்கள். 112-ஐ நம்பி அவர் மறுபடி தட்டு நிறையச் சோறு வைப்பார். அம்மா பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்த பிள்ளை நீங்கள். நாளைக்கு உங்களை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகப் போவது யார்? அவருக்கு இன்றைக்கே தெரிய வேண்டாமா? கட்டியவளிடம் வியாதியை மறைப்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்று ராத்திரியே மூன்றையும் எடுத்து அவர் கையில் கொடுங்கள். நாளை இரண்டு பேருமாக டாக்டரிடம் போங்கள், பத்து நாள் செய்ததையும் சொல்லுங்கள். எச்பிஏ1சி எடுக்கச் சொல்வார். ரத்தச் சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளப்பது அது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் இரண்டு மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும், பத்து நாள் பத்தியம் அதனிடம் அவ்வளவாக எடுபடாது. 6.5 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் சர்க்கரைதான். குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனையென்றால் முந்தைய மூன்று நாள் வழக்கம்போலச் சாப்பிடுங்கள். சோற்றை நிறுத்திவிட்டுப் போனால் அதில் அளவு ஏறிக்கூடக் காட்டும். யூரினில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், கிட்னி பாதிப்பு முதலில் அதில்தான் தெரியும்.

நடையை விடாதீர்கள். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் அதே அப்பாதானே.