மண் இறுகினால் புல் வாடும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டின் முன்புறப் புல்தரை திட்டுத்திட்டாக மஞ்சளித்துக் காய்கிறது. ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கி நிற்கிறது. யூரியா தூவினால் சில நாட்களுக்குப் பச்சை தெரிந்து, மறுபடியும் பழைய நிலைக்கே போய்விடுகிறது. உரத்தைக் கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம், யூரியாவை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். தண்ணீர் தேங்குகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் புல்லுக்குக் குறைவது உரமாக இல்லாமல் காற்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நல்ல மண்ணின் கன அளவில் ஏறத்தாழ பாதி, நீரும் காற்றும் தங்குவதற்கான இடைவெளிதான். ஆட்கள் நடந்தும் வண்டி ஏறியும் மண் அழுந்தும்போது முதலில் மூடிக்கொள்பவை பெரிய இடைவெளிகள். அவை மூடினால் நீர் வடியாது, வேருக்கு வேண்டிய ஆக்சிஜன் உள்ளே போகாது, மூச்சுமுட்டும் வேரால் நீங்கள் போட்ட சத்தை எடுத்துக்கொள்ளவும் இயலாது. நீர் தேங்கிய மண்ணில் தழைச்சத்தின் (யூரியா தரும் நைட்ரஜனின்) ஒரு பகுதி வாயுவாக மாறி வீணாகிறது. எஞ்சியதோ இலையை மட்டும் வளர்த்து, வேரை இன்னும் பின்தங்க வைக்கிறது.

ஐயம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். மண் ஓரளவு ஈரமாக இருக்கும்போது ஒரு நீளமான திருப்புளியைக் கையால் அழுத்துங்கள். சிரமமின்றி இறங்கவில்லை என்றால் மண் இறுகிவிட்டது. பிறகு ஓர் ஓரத்தில் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்கு ஒரு துண்டை வெட்டியெடுத்து, அதன் பக்கவாட்டைப் பாருங்கள். வேர்கள் மேலே சில சென்டிமீட்டர் இறங்கி, கீழே போக வழியின்றிக் கிடைமட்டமாகத் திரும்பியிருக்கும்; மண் தகடு தகடாகப் பெயரும்; சில இடங்களில் சாம்பல் நிறமேறிச் சாக்கடை வாடையும் வரும்.

இதற்கு உரிய சிகிச்சை, மண்ணைத் துளையிட்டு எடுப்பது. குழாய் போன்ற முனை கொண்ட கருவியால், துளைக்குத் துளை 5 முதல் 10 சென்டிமீட்டர் இடைவெளி விட்டும், ஏறக்குறைய அதே அளவு ஆழமாகவும் துளையிட்டு, உள்ளிருக்கும் மண்ணை வெளியே எடுக்க வேண்டும். ஆணிபோன்ற கூர்முனைகளும் ஆணி பதித்த காலணிகளும் மண்ணை வெளியேற்றுவதில்லை. பக்கவாட்டில் தள்ளித் துளையின் சுவரை மேலும் இறுக்குகின்றன என்பதால், அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. முதல் நாளே தண்ணீர் பாய்ச்சி, மறுநாள் ஒரு பிடி மண்ணைப் பிழிந்து பாருங்கள். நீர் கசிந்தால் இன்னும் பொறுத்திருங்கள், ஏனெனில் சேற்றில் துளையிடுவது உள்ள கெடுதலை அதிகமாக்கிவிடும். வெளிவரும் மண் குச்சிகளை அள்ளிப் போட வேண்டாம். காய்ந்ததும் வாரியால் உதிர்த்து அங்கேயே பரப்பிவிடலாம். துளைகள் திறந்திருக்கும்போதே, நன்கு மட்கிச் சலித்த கம்போஸ்ட்டை அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தூவித் துடைப்பத்தால் உள்ளே தள்ளுங்கள். புல்லின் நுனிகள் வெளியே தெரிய வேண்டும்; மூடிவிட்டால் அழுகும்.

கேள்வி: களிமண்ணில் மணல் கலந்தால் நீர் இறங்கும் என்று ஒருவரும், சுண்ணாம்போ ஜிப்சமோ போட்டால் மண் இளகும் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?

பதில்: களிமண்ணில் கொஞ்சம் மணல் சேர்த்தால், களித்துகள்கள் மணலின் இடைவெளிகளை நிரப்பி, முன்னிலும் கெட்டியாகிவிடும்; பயன் தரும் அளவுக்குச் சேர்ப்பதென்றால் தரையையே புதிதாக அமைப்பதற்குச் சமம். ஜிப்சம், சோடியம் மிகுந்த களர் மண்ணில் நல்ல மருந்து. சோடியம் இல்லாத இறுகிய மண்ணில் அதனால் குறிப்பிடத்தக்க பலன் கிடைப்பதில்லை. சுண்ணாம்பு, அமிலத்தன்மை மிகுந்த மண்ணுக்கு மட்டுமே உரியது. கார மண்ணில் போட்டால் இரும்புச்சத்து கிடைக்காமல் புல் மேலும் வெளிறும். ஆகவே எதையும் போடுவதற்கு முன் மண் பரிசோதனை செய்துவிடுங்கள். தரையின் பல இடங்களிலிருந்து 10 சென்டிமீட்டர் ஆழம் வரை மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து அனுப்பினால் போதும். பெரும்பாலான புல் வகைகளுக்குக் கார அமில நிலை (pH) 6 முதல் 7 வரை பொருந்தும். எவ்வளவு சுண்ணாம்பு என்பதைப் பரிசோதனை அறிக்கையே சொல்லட்டும். கண்ணளவு இதில் உதவாது.

கேள்வி: துளையிடுவதை எப்போது, எத்தனை முறை செய்யலாம்?

பதில்: புல் வேகமாக வளரும் பருவத்தில் செய்தால்தான் காயம் விரைவில் ஆறும், அருகு போன்ற வெப்பப் பருவப் புல்லுக்கு அது வெயிலும் ஈரமும் சேர்ந்த காலம். களிமண்ணிலும் நடமாட்டம் மிகுந்த இடத்திலும் ஆண்டுக்கு ஒரு முறை தேவைப்படும். மணற்பாங்கான தரையில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையே போதும். புதிதாகப் பதித்த புல்லை முதல் ஆண்டு தொடாதீர்கள். மண்ணுக்குள் நீர்க்குழாய் ஓடினால், கருவியை எடுக்கும் முன் அதன் வழியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.