சித்திரை வெயிலில் வெளுக்கும் பாசி

கேள்வி: தொண்டிப் பக்கம் ஐந்து பெண்கள் சேர்ந்து கடலில் மூங்கில் மிதவை போட்டு கப்பாபைகஸ் என்ற கடற்பாசி வளர்க்கிறோம். தையில் கட்டினால் நன்றாக வருகிறது. சித்திரையில் கிளை வெளுத்து ஒடிந்து விழுகிறது. பயந்துபோய் 30 நாளிலேயே அறுத்துவிடுகிறோம். வியாபாரியோ தரம் இல்லை என்று விலையைக் குறைக்கிறார். இதற்கு மருந்து உண்டா?

பதில்: மருந்து இல்லை சகோதரி. யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது ‘ஐஸ்-ஐஸ்’ நோய். தண்ணீர் சூடேறி ஓட்டமும் இல்லாமல் கிடந்தால் பாசி தளர்ந்துபோகும். அதன் பிறகுதான் பாக்டீரியா உள்ளே புகும். மழைத் தண்ணீர் கலந்து உப்பு குறைந்தாலும் இதே கதைதான். கிளை நுனி மட்டும் கடிபட்டது போல இருந்தால் அது ஓரா மீனின் வேலை. மிதவைக்கு அடியில் வலை கட்டினால் போதும்.

இந்தப் பாசிக்கு ஏற்றது 25 முதல் 30 டிகிரி வெப்பமும், லிட்டருக்கு 30 கிராமுக்குக் குறையாத உப்பும். பாக் நீரிணையில் சித்திரை, வைகாசியில் காற்று அடங்கிவிட்டால் மேல்தண்ணீரின் சூடு அந்த அளவைத் தாண்டிவிடும். 2013-க்குப் பிறகு இந்தக் கரையில் பாசி கூட்டமாக அழிந்ததற்கும் சூடுதான் காரணம். ஆகவே கோடையில் மிதவையைக் கரையோரத் தேங்கலில் விடாமல் நீரோட்டம் உள்ள ஆழத்துக்கு நகர்த்துங்கள். கயிற்றை ஓரிரு அடி தாழ்த்த முடிந்தால் இன்னும் நல்லது. அந்த மாதங்களில் விளைச்சலை எண்ணாமல், இரண்டு மூன்று மிதவையில் விதைப்பாசியைக் காப்பாற்றினாலே பெரிய காரியம்.

இனி 30 நாள் அறுவடை. இதில்தான் உங்களுக்கு நிஜமான நஷ்டம். 12 அடிக்கு 12 அடி மிதவையில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் என்றால் விதை 60 கிலோ. 45 நாளில் அது 240 கிலோ ஆகிறது என்று வையுங்கள். தினமும் ஒரே விகிதத்தில் பெருகினால் 30-ஆம் நாள் சுமார் 150 கிலோதான் இருக்கும். விதையைக் கழித்தால் 90 கிலோ, பொறுத்திருந்தால் 180. பாதி விளைச்சல் கடைசிப் பதினைந்து நாளில்தான் வருகிறது!

வியாபாரி சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆலைக்கு வேண்டியது பாசிக்குள் இருக்கும் கராஜீனன் என்ற கூழ்ப்பொருள். இளம்பாசியில் அது முதிர்ந்திருக்காது, கூழ் கெட்டியாக நிற்காது. வெளுத்த கிளையில் அளவே குறைந்துவிடும். தண்ணீரில் தழைச்சத்து மிகுந்த காலத்தில் பாசி மளமளவென்று வளரும், ஆனால் கராஜீனன் அதே வேகத்தில் சேராது. சத்து குறைந்து வெயில் நன்றாகக் கிடைக்கும்போதுதான் உள்ளே கூழ்ப்பொருள் கூடும். செழிப்பாகத் தெரிகிறதே என்று முன்கூட்டி அறுக்காதீர்கள்.

ஒன்றிரண்டு முடிச்சு வெளுத்தால் அவற்றை மட்டும் வெட்டிக் கரைக்குக் கொண்டுவாருங்கள். கால்வாசி மிதவை வெளுத்துவிட்டால் நாள் பார்க்காமல் முழுவதையும் அறுத்துவிடலாம். வெட்டிய துண்டைக் கடலில் வீச வேண்டாம். துண்டிலிருந்தே முளைக்கும் பாசி இது. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் இது பவளப்பாறை மேல் படர்ந்ததை நாம் மறக்கக் கூடாது.

காயவைப்பது மணலில் வேண்டாம். வலையோ தென்னங்கீற்றோ விரித்து இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். நல்ல தண்ணீரில் அலசாதீர்கள். மழை பட்டால் உப்பு கரைந்து எடையும் போகும், தரமும் போகும். சாயங்காலமே தார்ப்பாய் போட்டு மூடிவிடுங்கள். பத்து கிலோ பச்சைப்பாசி ஒரு கிலோ அளவுக்கு வற்றி, மேலே உப்பு பூத்து நின்றால் மூட்டை கட்டலாம்.