வெட்டவெளியில நிக்கிற காருக்கு எந்த கவர் வாங்குறது?

கேள்வி: ஷெட் கிடையாது, கார் வெயில்லயும் மழைலயும்தான் நிக்குது. வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவைதான் எடுப்பேன். '100 சதவீதம் வாட்டர்ப்ரூஃப்'னு போட்டிருக்கிற கவர் வாங்கலாமா?

பதில்: வேணாங்க. அந்த வார்த்தையைப் பாத்துத்தான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. சொட்டுத் தண்ணி உள்ள விடாத பிளாஸ்டிக் கவர், உள்ள இருக்கிற ஆவியையும் வெளிய விடாது, ராத்திரி தரையிலேர்ந்து ஏறுற ஈரம் பாடி மேல படிஞ்சு, விடிஞ்சு வெயில் ஏறுனதும் உள்ளுக்குள்ளயே வேகும். நாள்பட அப்படியே விட்டா பெயிண்ட்ல வெள்ளைத் திட்டு, கொப்புளம், ஏற்கெனவே கீறல் இருந்த இடத்துல துரு.

உங்களுக்கு வேண்டியது மழையைத் தாங்கணும், ஆனா மூச்சு விடணும். மல்டி லேயர் கவர்ல நடுவுல ஒரு மெல்லிசான மைக்ரோபோரஸ் ஃபிலிம் வரும், அதோட துளை வழியா நீராவி போயிடும், தண்ணித் துளி நுழையாது. கடையில சாம்பிள் துணி குடுத்தா ஒரு டெஸ்ட் பண்ணிப் பாருங்க: சுடுதண்ணி டம்ளர் வாயில துணியை இறுக்கிப் போட்டு, மேல ஒரு கண்ணாடி கிளாஸைக் கவுத்து வைங்க. கொஞ்ச நேரத்துல கிளாஸ்ல பனி மாதிரி படிஞ்சா அது மூச்சு விடுற துணி.

மழையை விட வெயில்தான் பெரிய தொல்லைன்னா கணக்கு மாறும். சாதா பாலிப்ரோப்பிலீன் (ஒரு வகை பிளாஸ்டிக்) துணி, வெயிலோட புற ஊதாக் கதிரைத் தாங்குற யூவி ட்ரீட்மெண்ட் இல்லாம இருந்தா வெயில்ல நொறுங்கி உதிர ஆரம்பிச்சிடும். நூல் இழுக்கும்போதே நிறம் கலந்து செய்யுற அக்ரிலிக் துணி வெயில்ல ரொம்ப நாள் உழைக்கும், விலைதான் ஜாஸ்தி, பெருமழையில கொஞ்சம் நனையும், ஆனா சீக்கிரம் காஞ்சிடும்.

துணியைப் பத்தி இவ்ளோ யோசிக்கிறவங்க அளவை விட்டுடுறாங்க, எனக்கு அதுதான் முக்கியம். எல்லா காருக்கும் பொருந்தும்னு விக்கிற தொளதொள கவர் காத்துல படபடன்னு அடிச்சுக்கும், நடுவுல தூசி மாட்டிக்கிட்டா உப்புத்தாள் வச்சுத் தேய்ச்ச மாதிரிதான். பெயிண்ட் மேல இருக்கிற க்ளியர் கோட், அதாவது நிறமில்லாத பூச்சு, ஒரு தலைமுடி தடிமன் கூட இருக்காதுங்க. அதனால உங்க மாடலுக்குன்னே தச்சது, மிர்ரர் பாக்கெட் இருக்கிறது, அடியில சுத்தி எலாஸ்டிக், வயித்துக்குக் கீழ கட்டுற பெல்ட்டு இதெல்லாம் இருக்கான்னு பாருங்க. உள்பக்கம் மெத்துனு இருக்கணும். பளபளன்னு வழவழப்பா இழுபடுற கவர் வீட்டுக்குள்ள நிறுத்துற வண்டிக்கு, வெளிய ஆகாது.

போடுறதுக்கு முன்னாடி தூசியைக் கழுவி நல்லா காய விடுங்க, ஓட்டிட்டு வந்த சூட்டோட மூடாதீங்க, சைலன்ஸர் பக்கம் உருகிடும். எடுக்கும்போது தரையில இழுக்காம மேலேயே சுருட்டி எடுங்க. கவரையும் அப்பப்போ அலசணும், பறவை எச்சம் ஊறுனா துணி வழியா கூட கறை இறங்கலாம்.

தினமும் வண்டி எடுக்கிறவங்களுக்கு நான் கவரே சொல்ல மாட்டேன், ரெண்டே வாரத்துல சலிச்சுப் போய் டிக்கியில கிடக்கும். அவங்களுக்கு ஒழுங்கா வேக்ஸ் போட்டு, முன் கண்ணாடிக்கு ஒரு சன்ஷேட் வச்சா போதும்.

அப்புறம், சமீபத்துல ரீபெயிண்ட் பண்ணியிருந்தா உடனே எந்த கவரும் போடாதீங்க. பெயிண்ட்ல இருக்கிற சால்வெண்ட் (பெயிண்டைக் கரைக்கிற திரவம்) வெளியேற டைம் எடுக்கும், எத்தனை நாள் விடணும்னு பெயிண்ட் அடிச்சவர்கிட்டயே கேட்டுக்கோங்க.