மூலைக்கு மூலை யாரு? ஃபேன்டஸி பேஸ்பால் கேள்வி பதில்

2024 சீசன் முடிஞ்சு, வேர்ல்ட் சீரிஸ் ஃபைனல்ல யாங்கீஸை நாலுக்கு ஒண்ணுன்னு சாய்ச்சுட்டு டாட்ஜர்ஸ் கோப்பையையும் தூக்கிட்டு போயாச்சு. நிஜ பேஸ்பால் வீரர்கள வச்சு கற்பனை டீம் கட்டி, அவங்க மேட்ச்ல எடுக்கிற நம்பர்ல போட்டி போடுறதுதான் ஃபேன்டஸி பேஸ்பால். நம்ம வாசகர்களுக்கு மட்டும் இன்னும் தூக்கம் வரல, 2025 டிராஃப்டுக்கு (டீமுக்கு ஆள் எடுக்கிற நாளுக்கு) இப்பவே கத்தி தீட்ட ஆரம்பிச்சுட்டாங்க. வந்த கேள்வில பாதிக்கு மேல ஃபர்ஸ்ட் பேஸ், தர்ட் பேஸ் ஆளுங்கள பத்திதான், அதனால இந்த இதழ் முழுக்க அவங்களுக்கே.

ஆபீஸ் லீக்ல புதுசா சேர்த்து விட்டுட்டாங்க. எல்லாரும் "கார்னர், கார்னர்"ங்கறாங்க, அது என்ன? எதுக்கு தனியா ரேங்க் பண்ணணும்? - புதுசா வந்தவள்

இன்ஃபீல்டோட ரெண்டு ஓரத்துலயும் நிக்கிறவங்க, அதாவது ஃபர்ஸ்ட் பேஸும் தர்ட் பேஸும், அவ்ளோதான்மா. பழைய ஸ்டைல் ரோட்டோ லீக்ல (ஹோம் ரன், ஸ்டீல், ஆவரேஜ்னு ஒவ்வொரு கேட்டகரிலயும் டீம்களை வரிசைப்படுத்தி பாயின்ட் குடுக்கிற லீக்) பேட்டர்களுக்கு 14 இடம் இருக்கும், அதுல ஃபர்ஸ்ட் பேஸ் ஒண்ணு, தர்ட் பேஸ் ஒண்ணு, அது போக இந்த ரெண்டு பொசிஷன்ல யாரை வேணா போடலாம்னு "கார்னர்"னு ஒரு இடம் தனியா உண்டு. இந்த ஒரு இடம்தான் கணக்கையே மாத்துது. 12 டீம் லீக்னா கார்னர் ஸ்லாட் இல்லாட்டி 24 பேர் போதும், இருந்தா 36 பேர் வேணும். 24-ஆவது ஆளு ஓரளவு நல்ல பேட்டராதான் இருப்பாரு, 36-ஆவது ஆளு டீம்ல நிரந்தர இடமே இல்லாதவரா கூட இருக்கலாம். ஒருத்தரோட மதிப்புங்கறது அவரு எத்தனை ஹோம் ரன் அடிச்சாருங்கறதுல மட்டும் இல்ல, அவர விட்டா உங்களுக்கு யாரு கிடைப்பாருங்கறதுலயும் இருக்கு. ஆக, ரேங்க் கேக்குறதுக்கு முன்னாடி உங்க லீக்ல அந்த ஸ்லாட் இருக்கான்னு மொதல்ல பாருங்க, நெறைய பேரு டிராஃப்ட் பாதில இருக்கும்போதுதான் இதை கவனிக்கிறாங்க!

எங்க தர்ட் பேஸ் ஹோசே ரமிரெஸுக்கு மழையால 40-40 (ஒரே சீசன்ல 40 ஹோம் ரன், 40 ஸ்டீல்) போச்சே, மனசே ஆறல அண்ணே. அவர நம்பர் ஒண்ணுன்னு சொல்லலாமா? - கிளீவ்லேண்ட் பைத்தியம்

சொல்லலாமாவா, சொல்லியே ஆகணும் தம்பி. 39 ஹோம் ரன், 41 ஸ்டீல் (பிட்சர் அசந்த நேரம் அடுத்த பேஸுக்கு ஓடிப் புடிக்கிறது), 118 ஆர்.பி.ஐ (தன் அடியால வர வச்ச ரன்), 114 ரன், ஆவரேஜ் (பேட்டிங் வாய்ப்புக்கு எத்தனை ஹிட்டுங்கற கணக்கு) .279. கடைசி நாள் மேட்ச் மழைல ரத்தாயிடுச்சு, ஒரே ஒரு ஹோம் ரன்ல 40-40 கிளப் கைநழுவிப் போச்சு. அவருக்கு அது வருத்தம்தான், நமக்கு என்ன நஷ்டம்னு பாத்தா கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. ரோட்டோல 39-க்கும் 40-க்கும் நடுவுல போனஸ் எதுவும் கிடையாது, 40-ங்கறது பேப்பர்காரங்களுக்குத்தான் பெரிய நம்பர்.

விஷயம் அந்த 41-ல இருக்கு. 2023-ல பேஸ் சைஸை 15 இஞ்சுல இருந்து 18 இஞ்ச் ஆக்குனாங்க, பிட்சர் ரெண்டு தடவைக்கு மேல பேஸ்ல நிக்கிறவன பக்கம் பந்தை எறிஞ்சு மிரட்டுறதுக்கும் கட்டுப்பாடு வந்துச்சு. அதுக்கப்புறம் லீக் முழுக்க ஸ்டீல் எகிறிடுச்சு, 2022-ல மொத்தம் 2,486, 2023-ல 3,503, 2024-ல 3,617. அதனால முன்னாடி மாதிரி பத்து ஸ்டீல் வச்சுக்கிட்டு இந்த கேட்டகரில தப்பிச்சுக்க முடியாது. கார்னர் ஆளுங்க பொதுவா கனமான உருப்படிங்க, ஓட மாட்டாங்க. இந்த வருஷ ஸ்டீல் கணக்கைப் பாருங்க, டொராண்டோவோட குரேரோ 2, மெட்ஸோட அலோன்சோ 3, பாஸ்டனோட டெவர்ஸ் 3. இப்படிப்பட்ட கூட்டத்துல ஒருத்தர் 41 எடுத்துட்டு ஹோம் ரன்லயும் குறை வைக்கலன்னா மத்தவங்கள விட ஒரு படி இல்ல, ஒரு மாடியே மேல. செப்டம்பரோட 32 வயசு ஆயிடுச்சுங்கறது மட்டும்தான் லேசா உறுத்துது. அதுக்காக இறக்க மாட்டேன்.

ஃப்ரெடி ஃப்ரீமன் வேர்ல்ட் சீரிஸ்ல பிரிச்சு மேஞ்சுட்டாரு, ஃபர்ஸ்ட் பேஸ்ல அவரத்தானே முதல்ல போடணும்? - டாட்ஜர் நீலம்

முதல் மேட்ச்ல பத்தாவது இன்னிங்ஸ் கிராண்ட் ஸ்லாம் (மூணு பேஸ்லயும் ஆள் நிக்கும்போது ஹோம் ரன்), வரிசையா நாலு மேட்ச்ல ஹோம் ரன், சீரிஸோட சிறந்த வீரர் விருது. நானும் சோஃபால இருந்து எந்திரிச்சு கத்துனவன்தான். ஆனா அக்டோபர்ல அடிக்கிற ஒரு ரன் கூட நம்ம கணக்குல ஏறாதுங்க, நம்ம சீசன் செப்டம்பரோட சரி. அதுல அவரு .282, 22 ஹோம் ரன், 89 ஆர்.பி.ஐ, 9 ஸ்டீல். அதுக்கு முந்தின வருஷம் .331, 29, 102, அது போக 23 ஸ்டீல், 131 ரன்.

இந்த இறக்கத்துக்கு நியாயமான காரணம் இருக்கு. சின்னப் பையன் ஆஸ்பத்திரில கிடந்தப்ப சில மேட்ச் ஆடல, அப்புறம் விரல்ல ஃப்ராக்சர், கடைசில கணுக்கால். அதையெல்லாம் மனசுல வச்சு பாத்தா ஆவரேஜ் திரும்ப ஏறும்னு நம்பலாம். ஸ்டீல் ஏறுமான்னா, 35 வயசு, கணுக்கால் வேற அடி, நான் பந்தயம் கட்ட மாட்டேன். ஃபர்ஸ்ட் பேஸ்ல எனக்கு அவரு மூணாவது. உங்க லீக்ல அந்த கிராண்ட் ஸ்லாமை மறக்காத ஒருத்தர் கண்டிப்பா இருப்பாரு, அவரு எடுத்துட்டு போகட்டும் விடுங்க.

பீட் அலோன்சோவ எடுத்தா ஆவரேஜ் நாசமாயிடும்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. நிஜமாவா சார்? - கணக்கு வாத்தியார்

வாத்தியாரே, உங்களுக்கு கணக்காவே காட்டிடறேன். அலோன்சோ இந்த வருஷம் 608 அட்-பேட்ல (கணக்குல ஏறுற பேட்டிங் வாய்ப்பு) 146 ஹிட், .240. உங்க டீம் மொத்தம் ஒரு சீசனுக்கு 7,000 அட்-பேட் ஆடுது, ஆவரேஜ் .255-ன்னு வச்சுக்குவோம். அந்த ரேட்டுக்கு 608 அட்-பேட்ல 155 ஹிட் வந்திருக்கணும், அவரால குறைஞ்சது 9 ஹிட். 9-ஐ 7,000-ஆல வகுத்தா .001 சொச்சம். அவ்ளோதான் சேதாரம். அதுக்கு பதிலா 34 ஹோம் ரன் தராரு, 162 மேட்சும் ஆடுறாரு.

இப்ப குரேரோ ஜூனியரப் பாருங்க. 616 அட்-பேட்ல 199 ஹிட், .323. அதே கணக்குல 42 ஹிட் கூட, டீம் ஆவரேஜையே .006 தூக்கி விடுறாரு. நெருக்கமா போற லீக்ல இது ரெண்டு மூணு பாயின்ட்டுக்கு சமம். ரெண்டு பேரையும் சேர்த்தே எடுத்தீங்கன்னா 1,224 அட்-பேட்ல 345 ஹிட், .282 வருது, கிட்டத்தட்ட ரெண்டு ஃப்ரீமன் ஆவரேஜ், ஹோம் ரன் மட்டும் 64. குறைஞ்ச ஆவரேஜ்காரர் ஒருத்தர் இருந்தா பரவால்ல, மூணு நாலு பேரு சேர்ந்தாதான் ஆபத்து. பயமுறுத்துறவங்க டீம்ல ஏற்கனவே மூணு பேரு இருப்பாங்க போல.

ஒண்ணு மட்டும், 2024 சீசன் முடிஞ்ச கையோட அலோன்சோ ஃப்ரீ ஏஜென்ட் (எந்த டீமோடயும் ஒப்பந்தம் இல்லாதவரு) ஆயிட்டாரு, எந்த மைதானத்துல, யாரு பின்னாடி பேட் பண்ணுவாருன்னே தெரியாம ரேங்க் பண்ற நிலைமைல இருக்கோம். கிறிஸ்டியன் வாக்கர், அலெக்ஸ் பிரெக்மன் கதையும் இதேதான். கையெழுத்து ஆகுற வரைக்கும் இவங்க மூணு பேரையும் பென்சில்ல எழுதி வைங்க.

குரேரோ ஒரு சைட்ல தர்ட் பேஸ்னும் காட்டுது, இன்னொரு லீக்ல ஃபர்ஸ்ட் பேஸ் மட்டும்தான். எது சரி? - குழம்பினவன்

ரெண்டும் சரிதான். இந்த வருஷம் டொராண்டோல அவர ஒரு டஜன் மேட்ச் வாக்குல தர்ட் பேஸ்ல நிக்க வச்சாங்க. யாஹூ ஃபேன்டஸி சைட்ல ஒரு பொசிஷன்ல 5 மேட்ச் ஸ்டார்ட் பண்ணாலோ இல்ல 10 மேட்ச் ஆடுனாலோ போதும், தகுதி கிடைச்சுடும். 20 மேட்ச் கேக்குற லீக்ல கிடைக்காது. சின்ன விஷயமா தெரியும், ஆனா தர்ட் பேஸ்ல மேல இருக்கிற நாலஞ்சு பேர் போனதும் சரிவு ஜாஸ்தி, அங்க .323 ஆளைப் போட முடிஞ்சா அது தனி ருசி.

பொசிஷன் விஷயத்துல இன்னும் ரெண்டு மூணு பேர கவனிக்கணும். கன்னர் ஹெண்டர்சன் இந்த சீசன் ஷார்ட் ஸ்டாப் (செகண்ட், தர்ட் பேஸுக்கு நடுவுல நிக்கிற இடம்) மட்டும்தான் ஆடுனாரு, பழைய லிஸ்ட்ட பாத்து தர்ட் பேஸ்னு மனக்கோட்டை கட்டாதீங்க. ஸ்பென்சர் ஸ்டியரும் அவுட்ஃபீல்ட், ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம் போயிட்டாரு. அவரு ஒரு விசித்திரமான கேஸ், ஆவரேஜ் .225, பாத்தாலே குப்பைல போடத் தோணும், ஆனா 20 ஹோம் ரன், 92 ஆர்.பி.ஐ, 25 ஸ்டீல்! ஃபர்ஸ்ட் பேஸ்ல 25 ஸ்டீல் எங்க கிடைக்கும்? நான் பத்தாவது ரவுண்டுக்கு அப்புறம் சத்தமில்லாம எடுப்பேன். தர்ட் பேஸுக்குள்ள புதுசா வந்தவருன்னு பாத்தா ஜாஸ் சிஸம். ஜூலைல மயாமில இருந்து யாங்கீஸுக்கு போனாரு, அதுவரைக்கும் புரொஃபஷனலா தர்ட் பேஸே ஆடாத மனுஷன அங்க நிக்க வச்சுட்டாங்க. 24 ஹோம் ரன், 40 ஸ்டீல். உடம்பு தாங்குனா ரமிரெஸுக்கு ஏழைகளோட பதில் இவருதான், "தாங்குனா"ங்கறத அழுத்தி படிங்க.

மேட் ஓல்சன் என்னைய கொன்னுட்டாரு. திரும்ப நம்பலாமா? - அட்லாண்டா அழுகை

கட்டிப் பிடிச்சுக்கோங்க, நானும் அதே கப்பல்லதான் இருந்தேன். 2023-ல 54 ஹோம் ரன், 139 ஆர்.பி.ஐ, ரெண்டுமே 1900-க்கு அப்புறம் அட்லாண்டா பிரேவ்ஸ் டீம் ரெகார்டு. இந்த வருஷம் 29, 98, ஆவரேஜ் .247. ரெண்டு வருஷமும் 162 மேட்ச் ஆடிருக்காரு, காயம்னு சாக்கு சொல்லவும் வழியில்ல.

ஆனா ஆர்.பி.ஐ-ங்கறது தனி மனுஷன் சம்பாதிக்கிறது இல்ல, முன்னாடி யாராச்சும் பேஸ்ல நின்னாதான் உண்டு. 2023-ல அந்த டீம் 307 ஹோம் ரன் அடிச்சு ஆல் டைம் ரெகார்டை சமன் பண்ணுச்சு, இந்த வருஷம் அக்குன்யா மே மாசக் கடைசிலயே முழங்கால் லிகமென்ட் போயி உக்காந்துட்டாரு, ஆல்பீஸுக்கு மணிக்கட்டு. நம்ம பண்ண தப்பு 54-ஐ புது அளவுகோலா எடுத்துக்கிட்டது. அதுக்கு முந்தின 2022-ல 34 ஹோம் ரன், 103 ஆர்.பி.ஐ, .240. அந்த வருஷத்தையும் இந்த வருஷத்தையும் பக்கத்துல வச்சு பாத்தா ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கு, நடுவுல வந்ததுதான் விருந்தாளி. 32, 33 ஹோம் ரன், 100 ஆர்.பி.ஐ-னு நெனச்சு அந்த விலைக்கு வாங்குங்க. ரெண்டாம் பாதில வேற தேறிட்டாரு.

குரேரோக்கும் இதே வைத்தியம்தான், 2021-ல 48 அடிச்சாரேன்னு இன்னும் காத்துக்கிட்டு இருக்காதீங்க. அந்த வருஷம் புளூ ஜேஸ் பாதி சீசனுக்கு மேல டனீடின்லயும் பஃபலோலயும்தான் ஹோம் மேட்ச் ஆடுச்சு, அந்த சின்ன மைதானங்க இனி வராது. 30 போதும், ஆவரேஜ்தான் அவரோட சொத்து.

எங்களது பாயின்ட்ஸ் லீக் (கேட்டகரி வரிசை இல்லாம ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நேரா பாயின்ட்), இதே லிஸ்ட் செல்லுமா? - சோம்பேறி

செல்லாது. ஸ்ட்ரைக்அவுட்டுக்கு மைனஸ் இருந்தா ரமிரெஸ் இன்னும் மேல போவாரு, முழு சீசனுக்கு வெறும் 82 தான். ஸ்டியர், சிஸம் எல்லாம் இறங்கிடுவாங்க, ஏன்னா அங்க ஸ்டீலுக்கு பெருசா கிராக்கி இல்ல.

கீப்பர் லீக்குக்கு (எடுத்த ஆளை அடுத்தடுத்த வருஷமும் வச்சுக்கலாம்) ஒரு இளசை சொல்லுங்க அண்ணா. - பத்து வருஷ பிளான்

ஜூனியர் கமினேரோ, டாம்பா பே ரேஸ் டீமோட தர்ட் பேஸ். 21 வயசு, இந்த வருஷம் 43 மேட்ச்ல 6 ஹோம் ரன்தான், நம்பரப் பாத்தா ஒண்ணும் தெரியாது, பேட் வீசுற வேகத்தை ஒரு தடவை பாருங்க, புரியும். இன்னொரு விஷயம், மில்டன் புயல்ல ரேஸ் டீமோட சொந்த மைதானம் ட்ராபிகானாவோட கூரை பிஞ்சு போச்சு இல்லையா, 2025-ல அவங்க ஹோம் மேட்ச் எல்லாம் ஸ்டைன்ப்ரென்னர் ஃபீல்டுல. அது யாங்கீஸோட ஸ்பிரிங் ட்ரெய்னிங் மைதானம், நியூயார்க்ல இருக்கிற அதே அளவுல கட்டுனது. ஹோம் ரன் அடிக்கிறவனுக்கு ட்ராபிகானாவ விட்டு போறது தண்டனை இல்ல.

கதை போதும், லிஸ்ட்ட குடுங்க. - அவசரக்காரன்

சரி, 12 டீம், கார்னர் ஸ்லாட் உள்ள ரோட்டோன்னு வச்சுக்கிட்டு சொல்றேன். ரமிரெஸ் தனி உலகம். அடுத்து குரேரோ, அவருக்கு ஒட்டி ஹார்ப்பர், 30 ஹோம் ரன், .285, இப்ப முழு நேர ஃபர்ஸ்ட் பேஸ் ஆயிட்டதால உடம்பும் கொஞ்சம் பாதுகாப்பா இருக்கும். அப்புறம் ஃப்ரீமன், டெவர்ஸ், மச்சாடோ, ஓல்சன், இந்த நாலு பேர எப்படி மாத்திப் போட்டாலும் சண்டைக்கு வர மாட்டேன், மச்சாடோ 29 ஹோம் ரன், 105 ஆர்.பி.ஐ-யோட 11 ஸ்டீலும் எடுத்தாருங்கறத மட்டும் பல பேரு மறந்துடறாங்க. சிஸம் இந்த கும்பலுக்கு முன்னாடியா பின்னாடியாங்கறது உங்க தைரியத்தை பொறுத்தது. அலோன்சோ, ரைலி அடுத்து. நேலர் 31 ஹோம் ரன், 108 ஆர்.பி.ஐ, ஆனா .243, வியன்டோஸ் 111 மேட்ச்லயே 27 ஹோம் ரன், மேட் சாப்மன் 27 ஹோம் ரன் 15 ஸ்டீல், இவங்க மூணு பேருல யாரு கடைசில கிடைக்கிறாங்களோ அவங்கள கார்னர் ஸ்லாட்ல போட்டுட்டு நிம்மதியா இருங்க.

இவ்ளோ பேசுறீங்களே, உங்க லீக்ல நீங்க எத்தனாவது? - சும்மா கேட்டேன்

எட்டாவது. ஃபர்ஸ்ட் பேஸ்ல ஓல்சன், தர்ட் பேஸ்ல ரைலி, ரைலிக்கு ஆகஸ்ட்ல பந்து பட்டு கை ஒடிஞ்சப்ப நான் அஞ்சாவது இடத்துல இருந்தேன். அடுத்த இதழ்ல கேட்சர், கேள்விய சீக்கிரம் அனுப்புங்க.