அடுப்படிக்கு 14 லட்சம்: சேமிப்புத் திட்டத்தை உடைக்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் 30 வருடம் சென்னையில் இருந்துவிட்டு, காரைக்குடி பக்கம் கோட்டையூரில் உள்ள பூர்வீக வீட்டுக்கே திரும்பிவிட்டோம். எனக்கு 62 வயது, அவருக்கு 66. வீடு அவருக்கும் இரண்டு கொழுந்தனார்களுக்கும் பொது, இன்னும் பாகம் பிரிக்கவில்லை. வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டு மட்டும் எங்கள் புழக்கத்தில் இருக்கிறது. அங்குள்ள அடுப்படியையும் இரண்டு குளியலறைகளையும் புதுப்பிக்க 12,40,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி என்று கொட்டேஷன் வந்திருக்கிறது (நகல் இணைத்துள்ளேன்). மகளுக்குப் பளபளவென்று அக்ரிலிக் கப்போர்டு வேண்டும், அவருக்குத் தேக்கு, எனக்கு அடுப்புக்குப் பின்சுவரில் ஆத்தங்குடிக் கல். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஆளுக்கு 15 லட்சம் போட்டு இரண்டரை வருடம் ஆகிறது. வங்கி வைப்புத்தொகை 9,50,000, சேமிப்புக் கணக்கில் 1 லட்சம். மதுரை பிளாட் வாடகை 14,000 வருகிறது, மாதச் செலவு 32,000. மகன் 2 லட்சம் தருகிறான். மீதிக்குத் தனிநபர் கடன் எடுக்கலாம் என்கிறான். சேமிப்புத் திட்டத்தில் ஒன்றை உடைப்பதா, கடன் வாங்குவதா?

பதில்: ஆச்சி, இரண்டும் வேண்டாம். கையில் இருப்பதை வைத்தே நல்ல அடுப்படியும் வழுக்காத குளியலறையும் கட்டிவிடலாம். அதற்குக் கொட்டேஷனைப் பிரித்துப் போட வேண்டும். நீங்கள் அனுப்பிய நகலை வைத்து அதைத்தான் செய்திருக்கிறேன்.

முதலில் வருமானம். இரண்டு கணக்கிலும் சேர்த்து 30 லட்சம், 8.2 சதவீத வட்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500, அதாவது மாதம் 20,500. வாடகையோடு சேர்த்தால் 34,500. செலவு 32,000. மிச்சம் 2,500தான். ஒரு கணக்கை உடைத்தால், இரண்டு வருடம் தாண்டிவிட்டதால் அசலில் 1 சதவீதம், 15,000 ரூபாய் பிடிப்பார்கள். அது ஒரு தடவை போகிற பணம், பரவாயில்லை. ஆனால் மாதம் 10,250 வட்டி நின்றுவிடும். வரவு 24,250, செலவு 32,000. மாதம் 7,750 பள்ளம். புது அடுப்படியில் நின்றுகொண்டு அரிசிக்கும் மருந்துக்கும் மகனிடம் கேட்கும் நிலைமை உங்களுக்கு வரக்கூடாது.

கடனும் அப்படித்தான். 5 லட்சத்தை 12 சதவீதத்தில் ஐந்து வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 11,122. முடிவில் வட்டி மட்டும் 1,67,000 தாண்டும். அந்த வட்டிப் பணத்தில் ஒரு குளியலறையே எழுந்துவிடும். உங்கள் மகன் ஆசையாகச் சொல்கிறார், ஆனால் தவணையை அவர் சம்பளத்திலிருந்துதானே கட்ட வேண்டும்.

இப்போது கொட்டேஷன். 'ஜிஎஸ்டி தனி' என்ற இரண்டு வார்த்தைக்கு விலை 2,23,200 ரூபாய். 18 சதவீதம் சேர்த்தால் 14,63,200. நீங்கள் 12 லட்சம் என்று மனதில் வைத்திருந்தால் ஏமாற்றமாகிவிடும்.

அந்த வேலைகளை நான் இரண்டாகப் பிரிக்கிறேன்: தண்ணீர் தொடும் வேலை, கண் தொடும் வேலை. குழாய், கழிவுநீர்ப் பாதை, நீர்க்கசிவுத் தடுப்பு, சிங்க்குக்குக் கீழே உள்ள பெட்டி, இவற்றோடு மின்கம்பி, இதெல்லாம் முதல் வகை. இங்கே பணத்தைப் பிடித்தால் மூன்று வருடத்தில் எல்லாவற்றையும் உடைத்துத்தான் திரும்பச் செய்ய வேண்டும். அக்ரிலிக், சிம்னி, பால்ஸ் சீலிங் எல்லாம் இரண்டாவது வகை. அடுத்த வருடமும் வாங்கலாம், அதற்கடுத்த வருடமும் வாங்கலாம்.

பால்ஸ் சீலிங்குக்கு 55,000 போட்டிருக்கிறார்கள். வெட்டிவிடுங்கள். சூடு மேலே ஏறிப் போகத்தான் நம் ஊர் வீடுகளில் அவ்வளவு உயரம் வைத்தார்கள்.

உங்கள் ஆத்தங்குடிக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ஆசை அதில்தான் இருக்கிறது. ஆத்தங்குடிக்கு ஒருநாள் போய் ஒரு பட்டறையில் உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணச் சிமெண்ட் குழம்பைச் சின்னக் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் தூவிக் கரணையால் தேய்ப்பார்கள். காய்ந்து, தொட்டித் தண்ணீரில் ஊறி வந்தபிறகு கண்ணாடியிலிருந்து எடுத்தால் அந்தப் பளபளப்பு. சூளைக்கே போகாத கல் அது. தரையில் போட்டால் கால் பட்டுப் பட்டு, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கத் துடைக்க மெருகு ஏறும். ஆனால் அடிப்படையில் சிமெண்ட். புளித் தண்ணீரும் எலுமிச்சையும் பட்டால் அரிக்கும், மஞ்சளும் எண்ணெயும் உள்ளே இறங்கிவிடும். காரக்குழம்பு கொதிக்கும் அடுப்புக்கு நேர் பின்னால் ஒட்டினால், ஆறே மாதத்தில் அந்த இடம் மட்டும் மங்கிப்போய் உங்கள் கண்ணையே உறுத்தும்.

அதனால் அடுப்புக்கும் சிங்க்குக்கும் பின்னால் டேடோ என்று சொல்லும் சுவர்ப் பகுதிக்குச் சாதாரண வழவழப்பான செராமிக் டைல்ஸ் போதும். டைல்ஸ் இடைவெளியை நிரப்ப எப்பாக்ஸி கிரவுட் என்ற பசையைப் போடச் சொல்லுங்கள், மஞ்சள் கறை எளிதில் ஏறாது. நீங்கள் உட்கார்ந்து காய் நறுக்கும் பக்கத்துத் தரையில் ஆத்தங்குடிக் கல்லைப் பதியுங்கள். ஆசையும் நிறைவேறும், கல்லும் பிழைக்கும். டேடோ 25,000க்குள் முடியும்.

கப்போர்டுக்கு 4,85,000. கொட்டேஷனிலேயே பெரிய தொகை இதுதான். கதவு அக்ரிலிக் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, உள்பெட்டி எதில் என்று ஒரு வரி கூட இல்லை. கேளுங்கள். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். காரைக்குடியில் வீடு கட்டியபோது கதவின் நிறத்தைத்தான் நானும் மனைவியும் இரண்டு வாரம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். உள்ளே பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. நான்காவது வருடம் சிங்க்குக்குக் கீழே ஒரு வாஷர் தேய்ந்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஒருநாள் கதவு மூடவில்லை. குனிந்து பார்த்தால் அடிப்பலகை ஊறவைத்த ரொட்டி மாதிரி உப்பி, விரலால் தொட்டால் தூள் தூளாக உதிர்ந்தது. வாஷர் 80 ரூபாய். பெட்டியை மாற்ற ஆனது 60,000.

பிளைவுட்தான் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதைக் கேளுங்கள், கொதிநீரைத் தாங்கும் ரகம் அது. ஆனால் உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது கடப்பா கல். கீழ்ப்பகுதி முழுவதும் கடப்பா கல் நிறுத்தி, கடப்பா கல்லே தட்டு, முன்னால் கதவு மட்டும் மரம். நம் செம்மண் பூமியில் கரையான் ஏறாத பெட்டி வேறு எது? தண்ணீர் சொட்டினாலும் துடைத்துவிட்டுப் போகலாம். ஐயாவின் தேக்கு ஆசையும் இதிலேயே தீரும். உங்கள் வீட்டுச் சாமான் அறையில் பழைய தேக்குக் கதவோ பலகையோ கட்டாயம் இருக்கும், ஆசாரியைக் கூப்பிட்டு அதையே அறுத்துக் கதவாக்கச் சொல்லுங்கள். போதாவிட்டால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய மரம் பாருங்கள். மேல் கப்போர்டு இப்போது வேண்டாம், இந்த வயதில் எட்டி எடுக்கவும் சிரமம். இதற்கு 1,20,000 ஒதுக்குங்கள். மேடைக்குக் கறுப்பு கிரானைட், 60,000. சிம்னிக்குப் பதில் ஒரு நல்ல எக்ஸாஸ்ட் மின்விசிறி, 10,000. மகளிடம் சொல்லுங்கள், அக்ரிலிக் கதவை எப்போது வேண்டுமானாலும் மாட்டலாம், கல் அப்படியேதான் இருக்கும்.

குளியலறைகளில் டைல்ஸ் கூரைவரை போட்டிருக்கிறார்கள். 14 அடிச் சுவருக்கு எதற்கு? ஏழு அடி போதும், 1,40,000 என்பது 80,000 ஆகிவிடும். தரைக்கு வழுக்காத மேட் ரகம், சின்ன அளவு. சின்ன டைல்ஸில்தான் தண்ணீர் வாட்டம் சரியாக வரும். ஷவருக்குப் பக்கத்திலும் கழிப்பறைக்குப் பக்கத்திலும் பிடிமானக் கம்பி வையுங்கள், இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். குழாய்கள் கறுப்பு நிறத்தில் கேட்டிருக்கிறீர்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஒரே மாதத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும். பித்தளை உடலில் குரோம் பூசியது, காரைக்குடியிலேயே உதிரிபாகம் கிடைக்கும் கம்பெனியாகப் பார்த்து 85,000க்குள் முடித்துக்கொள்ளுங்கள். குழாய் வேலையும் நீர்க்கசிவுத் தடுப்பும் 95,000. அதில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள். குழாயைப் பழைய சுண்ணாம்புச் சுவருக்குள் காடி வெட்டிப் புதைக்க விடாதீர்கள். மேலே சிமெண்ட் பூசினால் சுவர் ஈரத்தை வெளியே விடாது, கொஞ்ச நாளில் உப்புப் பூக்கும். குழாய் சுவருக்கு வெளியே ஓடட்டும்.

கூட்டிப் பார்ப்போம். குளியலறைகள் 2,60,000. மின்வேலை கொட்டேஷனில் உள்ளபடியே 65,000. கப்போர்டு, மேடை, டேடோ, மின்விசிறி 2,15,000. உடைத்து அள்ளுவதற்கு 20,000. மொத்தம் 5,60,000, ஜிஎஸ்டியோடு 6,60,800. ஆசாரிக்கு நேரடியாகக் கொடுப்பதில் கொஞ்சம் குறையலாம், அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

வைப்புத்தொகையில் 4 லட்சத்தைத் தொடாதீர்கள். ஏறக்குறைய ஒரு வருடச் செலவு அது, ஆஸ்பத்திரிக்கும் அதுதான். மீதி 5,50,000, மகன் தரும் 2,00,000, ஆக 7,50,000. வேலைபோக 89,200 நிற்கும். அதையும் மிச்சம் என்று நினைக்க வேண்டாம். பழைய வீட்டில் தரையைத் தோண்டினால் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது, அதற்கான பணம் அது.

ஒன்றை நீங்கள் கேட்கவில்லை, எனக்கு மனசு கேட்கவில்லை. வீடு பொது. கல்யாணமான பிள்ளையை வேறு வைத்து, ஒரே கூரைக்குக் கீழே தனி அடுப்பு, தனிக் கணக்கு என்று முன்னோர்கள் பழக்கியதே பின்னால் மனஸ்தாபம் வரக்கூடாது என்றுதான். ஐந்தொகை என்று சொத்து, கடன் கணக்கு எழுதிப் பழகிய வம்சம், இதற்கும் ஒரு தாள் எழுதலாம். மூன்றாம் கட்டில் இன்னின்ன வேலையை எங்கள் செலவில் செய்கிறோம், பாகம் பிரிக்கும்போது அந்தப் பகுதி எங்கள் பங்கில் வர வேண்டும், வராவிட்டால் செலவைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று எழுதி, இரண்டு கொழுந்தனார்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு எழுதினால் இன்னும் நல்லது. பில்களையெல்லாம் கணவர் பெயரில் வாங்கி ஒரே கோப்பில் வையுங்கள். பங்காளிகளிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சமாக இருக்கும். வேலை தொடங்கும் முன் கேட்பது எளிது, முடிந்தபின் கேட்டால் சண்டை மாதிரி தெரியும்.

ஒப்பந்தக்காரர் 60 சதவீதம் முன்பணம் கேட்கிறார். 20 கொடுங்கள், பிறகு வேலை முடிய முடிய. கடைசி 10 சதவீதத்தைக் கையில் வையுங்கள். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் இரண்டு குளியலறைத் தரையிலும் வடிகாலை அடைத்து, இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடச் சொல்லுங்கள். சுண்ணாம்புக் கட்டியால் நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். மூன்றாம் நாள் தண்ணீர் அந்தக் கோட்டை ஒட்டியே நின்று, பக்கத்துச் சுவரும் காய்ந்தே இருந்தால் டைல்ஸ் ஒட்டச் சொல்லலாம். இதைக் கொட்டேஷனிலேயே ஒரு வரியாக எழுதி வாங்குங்கள், அதற்குப் பிறகு முன்பணத்தைக் கொடுங்கள்.