மட்டக்களப்பில் காணி வழக்கு தவணை தவணையாக இழுபடுகிறது. நீதிபதியைப் பற்றி முறைப்பாடு செய்யலாமா?

செய்யலாம். ஆனால் தீர்ப்பு பிழை என்பது வேறு, நீதிபதியின் நடத்தை பிழை என்பது வேறு. தீர்ப்புப் பிழைக்கு மேன்முறையீடுதான் வழி. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பென்றால் அறிவித்தலை 14 நாளுக்குள், மனுவை 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

பக்கச்சார்பு, அவமதிப்பான பேச்சு, காரணமில்லாத தாமதம் என்றால் கொழும்பிலுள்ள நீதிச்சேவை ஆணைக்குழுவின் செயலாளருக்கு எழுதுங்கள். மாவட்ட நீதிபதி, நீதவான் ஆகியோரின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று எல்லாம் அதன் கையில்தான். "எப்போதும் இப்படித்தான்" என்று எழுதினால் எடுபடாது. வழக்கிலக்கம், ஒவ்வொரு தவணைத் திகதி, அன்று சொன்ன காரணம் எல்லாம் வேண்டும்; வழக்கேட்டின் அத்தாட்சிப்படுத்திய பிரதியையும் இணையுங்கள். அப்புறம், தவணை கேட்டது உங்கள் சட்டத்தரணியா என்றும் அதில் பாருங்கள்.

பிரதம நீதியரசரும் இரண்டு உயர் நீதிமன்ற நீதியரசர்களும்தான் அந்த ஆணைக்குழு. வெளியாள் ஒருவரும் இல்லை. நீதிபதிகளை நீதிபதிகளே விசாரிப்பது போதாது என்பது என் உறுதியான எண்ணம். நம் ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து கேட்க வேண்டிய சீர்திருத்தம் இதுதான்.

நீதிமன்ற அமர்வுகள் பொதுவாகத் திறந்தவை. போய் உட்கார்ந்து குறிப்பெடுங்கள். முகநூலில் மட்டும் நீதிபதியைத் திட்டாதீர்கள், நீதிமன்ற அவமதிப்புக்கு 2024இல் தனிச்சட்டமே வந்துவிட்டது.