நூல் பொம்மையும் மாடி வீடும்

கேள்வி: கை, கால்களை விரித்துக் குதிக்கும் பயிற்சிக்கு ‘ஜம்பிங் ஜாக்’ என்ற பெயர் எப்படி வந்தது? இரண்டாம் மாடியில் என் மகள் செய்தால் கீழ்வீட்டார் சத்தம் என்கிறார்கள்.
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: அது ஒரு தட்டை மரப்பொம்மையின் பெயர். முதுகுப் பக்கம் திருப்பினால் தெரியும்: கை, கால்களின் மேல்முனையில் கட்டிய நூல்கள் நடுவே ஒரே கயிறாகத் தொங்கும். இழுத்தால் நான்கும் விரியும். பயிற்சியிலும் அதே அசைவு என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. (ஆஸ்திரேலியாவில் துள்ளிக் கொட்டும் எறும்பு ஒன்றுக்கும் இதே பெயர்.)

சத்தத்துக்குக் காரணம் குதிகாலில் இறங்குவது. ‘தொம்’மென்று தரை அதிரும், முழங்காலும் அடி வாங்கும். முன்பாதத்தில் இறங்கி, முழங்காலைச் சற்று மடக்கச் சொல்லுங்கள். முழங்கால் உள்பக்கம் சாயக்கூடாது. பாய் விரித்தால் மட்டும் போதாது. இரவில் குதிக்கவே வேண்டாம்: ஒரு காலைப் பக்கவாட்டில் எடுத்துவைத்து, இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, திரும்பி வந்து மறுகால். 30 விநாடி செய்து 30 விநாடி ஓய்வு, 5 முறை. மூச்சு நன்றாகவே வாங்கும்.